இரவுப் பணியில் யார்?

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு தை மாத இரவில், வைக்கோல் கட்டைப் புரட்டும்போது காலில் பாம்பு கடித்துவிட்டதென்று நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை, நான் அப்போது மருத்துவராகப் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருசக்கர வாகனத்தில் நடுவே உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். இரவுப் பணியில் இருந்தவர் ஒரே ஒரு செவிலியர். பிரசவ அறையில் தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்கு வலி முற்றிக்கொண்டிருந்தது. செவிலியர் கடிபட்டவரின் கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் 11.40 என்று பேனாவால் எழுதி, மருந்து மேசையின் ஓரத்தில் நிறுத்தி, எனக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுப் பிரசவ அறைக்கு ஓடியிருக்கிறார்.

அந்தக் குழாயை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால், டெல்டா வயல்களில் அடிக்கடி கடிக்கும் கண்ணாடி விரியன் போன்ற விரியன் வகையின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று கொண்டு, விஷமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும். காசு செலவில்லாத, கருவி எதுவும் வேண்டாத பரிசோதனை இது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ முடிவு தவறிவிடும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செவிலியருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. நான் தங்கியிருந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி 12.25. குழாய் வைத்த இடத்திலேயே இருந்தது. சாய்த்தேன், உறையவில்லை. பத்துக் குப்பி மருந்தைக் கரைத்து ஏற்றத் தொடங்கி, 108 வண்டியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார், பக்கத்து அறையில் பிறந்த பெண் குழந்தையும் நலம். நள்ளிரவு 12 மணிக்கே பார்த்திருக்க வேண்டிய குழாயை ஏன் பார்க்கவில்லை என்று செவிலியரிடம் கேட்டேன். "தலை தெரிஞ்சிருச்சு மேடம், நான் ஒருத்திதானே" என்றார்.

அந்த மாதத்து அறிக்கையில் எங்கள் நிலையத்தின் செவிலியர் பணியிடங்கள் மூன்று, நிரப்பப்பட்டவை மூன்று, காலியிடம் இல்லை என்றே இருந்தது. அதில் பொய் ஏதும் இல்லை. மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். இன்னொருவர் வட்ட மருத்துவமனைக்கு மாற்றுப் பணியில் போயிருந்தார். எஞ்சிய ஒருவரும், அண்டை நிலையத்திலிருந்து சில நாள்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டவரும் மாறி மாறி நிலையத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசு மருத்துவச் சேவையின் தரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காலியிடம் எத்தனை என்று கேட்கிறோம். இந்த மணிநேரத்தில் இந்தக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார் என்று கேட்பதில்லை.

கணக்கு எளிமையானதுதான். ஒரு வாரத்துக்கு 168 மணிநேரம். நிலையம் 24 மணிநேரமும் இயங்க, ஆளுக்கு 48 மணிநேரம் என்று வைத்தாலும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு செவிலியர் இருப்பதற்கு மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பும் பயிற்சியும் சேர்ந்தால் நான்கு பேருக்குக் குறையாது. மூன்று பேர் என்பது யாருக்கும் காய்ச்சல் வராத, யார் வீட்டிலும் சாவு விழாத ஊருக்குப் போட்ட கணக்கு. தமிழ்நாடு அரசுப் பணியிலுள்ள பெண்களின் மகப்பேறு விடுப்பு 2021இல் ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்த்தப்பட்டது. முழுக்க நியாயமான முடிவு. அந்த ஓராண்டுக்கு அவர் இடத்தில் யார் நிற்பது என்பதையும் அதே கையோடு முடிவு செய்திருந்தால், பச்சை உடம்புக்காரியான ஒரு செவிலியர் தன் தோழியின் இரவுப் பணியை நினைத்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியிருக்காது.

மருத்துவர்கள் விஷயத்திலும் இதே நிலைதான். 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பைப் பரிந்துரைத்தபோது, 40,000 மக்களுக்கு ஒரு நிலையம், அதில் இரண்டு மருத்துவர்கள் என்று எழுதியது. இன்று சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது அளவுகோல். எங்கள் நிலையத்திலும் இரண்டு மருத்துவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் முகாமுக்கோ ஆய்வுக் கூட்டத்துக்கோ போகாத நாள் வாரத்தில் இரண்டுதான் அமைந்தது. மினி பஸ் வந்து திரும்பிப் போகும் நேரத்துக்குள் பார்த்து அனுப்பியாக வேண்டியிருந்ததால், ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் 140 பேர் என்பது சாதாரணம். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நான் மருந்து எழுதத் தொடங்கிய நாள்கள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்படிப்பட்ட அவசரம் எங்கே போய் முடியும் என்பதை ரத்த அழுத்தப் பதிவேட்டில் பார்க்கலாம். ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் 130/80 என்று ஒரே கையெழுத்தில் இருந்தது. உண்மையில் மனிதர்களின் ரத்த அழுத்தம் அப்படி வரிசையாக நிற்காது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கால் தரையில் படிய, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக வைத்து எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும். வரிசையில் நிற்பவரை நின்றவாறே பிடித்து எடுத்தாலோ, எடுக்காமலேயே எழுதினாலோ, 128க்கும் 162க்கும் வேறுபாடு தெரியாமல் போகும். அந்த 162 ஆறு மாதம் கழித்துப் பக்கவாதமாக வரும்போது அதைப் பணியாளர் பற்றாக்குறையின் கணக்கில் எழுதுவார் யாரும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரைக்காக மட்டும் வருவோரின் வரிசை எங்கள் பகுதியில் குறைந்தது உண்மை. எனினும் வீட்டு வாசலுக்கு மாத்திரை வருவதும், அந்த மாத்திரை போதுமா என்று ஒருவர் நிதானமாகப் பார்ப்பதும் ஒன்றல்ல.

கிராம சுகாதார செவிலியர்களின் நிலை இன்னும் கடினம். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒருவர். பக்கத்துத் துணை நிலையம் காலியானால் கூடுதல் பொறுப்பு என்ற பெயரில் அதுவும் இவர் தலையில் விழும். கர்ப்பிணிகளின் பதிவு, 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவிக்கான கணினிப் பதிவு, வளரிளம் பெண்களுக்கான இரும்புச்சத்து மாத்திரை என்று எல்லாமே இரட்டிப்பாகும். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட குழந்தையை அரை மணிநேரம் அங்கேயே வைத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அடுத்த ஊரில் தாய்மார்கள் காத்திருக்க, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புபவர் கடைசிக் குழந்தைக்காக எவ்வளவு நேரம் நிற்பார்? ஆய்வக நுட்புநரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அவர் இரண்டு நிலையங்களுக்குப் பொதுவானால், எலிக்காய்ச்சல் சந்தேகப்படும் நடவுக் காலத்தில் ரத்த மாதிரி அவர் வரும் கிழமைக்காகக் காத்திருக்கும்.

குடியிருப்பையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்சாரம் போன நிலையத்தில் தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காப்பாற்றியவர், வளாகத்துக்குள்ளேயே ஒழுகும் குடியிருப்பில் வேறு வழியின்றித் தங்கியிருந்த ஒரு செவிலியர். அந்தக் கட்டடம் பிறகு பயன்படுத்தத் தகுதியற்றது என்று பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு யாரும் அங்கே தங்கவில்லை, நான் உட்பட. பாம்பு கடித்தவர் எனக்காக முக்கால் மணிநேரம் காத்திருந்ததற்கு அந்தப் பூட்டும் ஒரு காரணம்.

"அங்க போனா சிஸ்டர் எரிஞ்சு விழுவாங்க" என்று மக்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் கடிந்து பேசுவதற்கு எந்தப் பணிச்சுமையும் சாக்காகாது. அதற்காகப் புகார் கொடுங்கள். ஆனால் புகாரில் அன்று எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசிக்குப் பிறகு அரை மணிநேரம் நகராதீர்கள். கிராம சபையில் மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு வந்தால், புதுக் கட்டடம் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்த மாத இரவுப் பணி அட்டவணை எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, மாற்றுப் பணியில் போனவர் எப்போது திரும்புவார், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருப்பில் உள்ளது. பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவிக்கத்தக்க நோயாக, அதாவது ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டியதாக, ஆக்கியிருப்பதால், கடைசிக் கேள்விக்கு நிலையத்தார் பதில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் ஓர் ஊராட்சி சென்ற அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போட்டது. மாற்றுப் பணியை ரத்து செய்வது குறித்து இன்னும் பதில் வரவில்லை. அட்டவணை மட்டும் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்தில் மாதந்தோறும் ஒட்டப்படுகிறது. இம்மாதத் தாளில் 17 இரவுகளுக்கு நேரே ஒரே பெயர் இருக்கிறது.