கண்ணுக்கு வெல்டிங் பழகாது

வாளையார் செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கண் மருத்துவம் பார்க்கிறேன். கஞ்சிக்கோட்டு வெல்டிங் பட்டறைகளில் வேலை பழகும் பையன்கள் எட்டிமடை, மதுக்கரை, கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வருவார்கள். போன வாரம் வந்தவனுக்கு 19 வயது. பட்டறையில் சேர்ந்து 5 வாரம்தான். அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"வெல்டிங் அடிச்சிருச்சுங்க டாக்டர். தாய்ப்பால் விட்டோம், கேக்கலை. அப்புறம் மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. அதை விட்டாத்தான் தூங்கறானுங்க."

வெறும் கண்ணில் வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கருவிழி வெந்துபோவதைத்தான் 'வெல்டிங் அடிப்பது' என்பார்கள். அம்மா நீட்டிய பாட்டிலைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. கண்ணை மரத்துப்போக வைக்கிற மருந்து. 8 நாளாக விட்டிருக்கிறார்கள். வலது கருவிழியில் புண். இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த மூன்றாவது பையன் இவன்.

அந்த மருந்தைப் பரிசோதனைக்காக நாங்களும் விடுவோம், ஒன்றிரண்டு சொட்டு. துடித்துக்கொண்டு வந்தவன் அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "இதையே எழுதிக் குடுங்க" என்பான். எழுத மாட்டோம். வெந்த கருவிழியின் மேல்தோல் ஒன்றிரண்டு நாளில் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். இந்த மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் அந்த வளர்ச்சி கெட்டுப்போகும். வலி தெரியாததால் புண் ஆழமாவதும் தெரியாது. மெடிக்கல் ஷாப் அண்ணன்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம் அம்மா, அதிலிருந்து கிருமி ஏறலாம்.

எனக்கு இதைவிட ஆற்றாமை தருவது பட்டறையில் சொல்லும் ஒரு வார்த்தை: "ரெண்டு தடவை அடிச்சா பழகிடும்." பழகாது. வெயிலில் தோல் கறுத்துத் தாங்கிக்கொள்வதுபோல் கருவிழி எதையும் கற்றுக்கொள்வதில்லை. பத்தாவது தடவையும் முதல் தடவை வெந்தது போலவே வேகும். மேஸ்திரிக்கு அடிப்பதில்லையே என்கிறீர்களா? அவருக்குப் பழகியது கை. ராடு, அதாவது வெல்டிங் குச்சி, இரும்பில் உரசும் கணத்தில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு முகத்துக்கு வந்துவிடும். அப்படியும் பல மேஸ்திரிகள் 45 வயதில் கண்ணில் சதை வளர்ந்து என்னிடம் வருகிறார்கள். வெல்டிங்கின் புகையையும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வகைப்படுத்தியது. இதெல்லாம் பழகுகிற சமாச்சாரமா?

என்னிடம் வருபவர்களில் ராடு பிடித்தவர்களைவிட ஹெல்பர்கள்தான் அதிகம். டேக் அடிக்க, அதாவது ஓரிரு இடத்தில் பொட்டு வைத்து ஒட்ட, இரும்பு ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணோடு நிற்பவன். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பக்கவாட்டில் அடிக்கும், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான், எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். முடிந்தால் அங்கே போய்ப் பழகுங்கள். நேராகப் பட்டறைக்குப் போகிறவன் முதல் நாளே ஹெல்பர் ஆகிவிடுகிறான், ஷீல்டு மட்டும் மேஸ்திரிக்கு.

கூலிங் கிளாஸ் ஷீல்டு ஆகாது. கேஸ் வெல்டிங் கண்ணாடியும் ஆகாது, அதன் கறுப்பு 5-ஆம் எண் வாக்கில்தான் இருக்கும், எண் கூடக் கூடக் கறுப்பும் கூடும். 100, 150 ஆம்பியரில் ராடு ஓட்ட 10 அல்லது 11 வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடியை அன்றே மாற்றுங்கள். ஸ்லாக் (வெல்டிங்கின் மேல் படியும் கசடு) தட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி போடுங்கள்.

அப்படியும் அடித்துவிட்டதா? வேலை செய்யும்போது தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் மணல் கொட்டியதுபோல் எரியும். கசக்காதீர்கள். விளக்கை அணைத்து, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வையுங்கள். விடிந்ததும் வாருங்கள். ஒரு கண் மட்டும் வலித்தால் பெரும்பாலும் அது வெல்டிங் அடித்தது அல்ல, இரும்புத் துகள். பனியன் நுனியால் எடுக்க விடாதீர்கள்.

அந்தப் பையன் கேட்டது ஒன்றுதான்: "பைப் வெல்டிங் பழகி கல்ஃப் போகணும் டாக்டர், முடியுமா?" வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் பரிசோதனையில் கண் பார்வையும் பார்ப்பார்கள். புண் ஆறினாலும் கருவிழியில் தழும்பு நிற்குமா என்பது இன்னும் சில வாரம் போனால்தான் தெரியும். "நான் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு கண்ணு, திங்கட்கிழமை வா" என்று அனுப்பியிருக்கிறேன். பட்டறைக்காரருக்கும் போன் செய்து இரண்டாவது ஷீல்டு வாங்கச் சொன்னேன். வாங்குகிறேன் என்றார். திங்கட்கிழமை அதையும் கேட்பேன்.