மார்ச் மாதம் மீன்பிடி லைசென்ஸ் வாங்கும் முன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மீன்பிடி லைசென்ஸ் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் மீன்) ஆறேறும் நேரமாயிற்றே என்று மார்ச் 20-ஆம் தேதி முழுக் கட்டணம் கட்டி ஆண்டு லைசென்ஸ் வாங்கினால், பன்னிரண்டே நாளில் அது செல்லாத காகிதம். கடையில் பெரும்பாலும் யாரும் இதைச் சொல்வதில்லை. பையில் லைசென்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஏப்ரலில் ஆற்றில் இறங்கி அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்ச் கடைசியில் ஓரிரு நாள்தான் போகிறீர்கள் என்றால், ஒன்று முதல் மூன்று நாள் வரை செல்லும் குறுகிய கால லைசென்ஸ் போதும். ஆண்டு லைசென்ஸ்தான் வேண்டுமென்றால், பணம் கட்டும் முன் அது எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள்.

அடுத்த பொறி, கேட்ச் ரெக்கார்ட் கார்டு, அதாவது பிடித்த மீனைப் பதியும் அட்டை. ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகும் ஒவ்வொருவர் கையிலும் இது இருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பிள்ளைக்கு எதுவுமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், கார்டு வேண்டும். ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் ஆற்றில் பிடிக்க மாநில லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அங்கேயும் ஸ்டீல்ஹெட்டுக்கு இந்தக் கார்டு உண்டு. மீனை வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே பேனாவால் பதிய வேண்டும், வீட்டுக்கு வந்து எழுதலாம் என்பதெல்லாம் செல்லாது. ஒரு மீன்கூடப் பிடிக்காவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் மாநில மீன்வளத் துறைக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் வெளிமாநிலக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 90 நாளாக இங்கேயே நிலையாகக் குடியிருந்து, அதற்கு ஆதாரமும் வைத்திருந்து, வேறு மாநிலத்தில் உள்ளூர்வாசியாக லைசென்ஸ் எடுக்காமல் இருந்தால் உங்களுக்கு உள்ளூர்க் கட்டணம்தான். குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பாவுக்கு 70 வயது தாண்டியிருந்தாலும் மூத்தோர் சலுகை கிடையாது, அது உள்ளூர்வாசிக்கு மட்டும்.

இனி ஆற்றங்கரை. ஸ்டீல்ஹெட்டின் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சதைத் துடுப்பு இருக்கும். அது முழுசாக இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீன், விட்டுவிட வேண்டும். விடும்போது போட்டோவுக்காகத் தண்ணீரை விட்டு முழுவதுமாகத் தூக்குவதும் குற்றம். வெட்டப்பட்ட இடத்தில் ஆறிய தழும்பு இருந்தால் பண்ணையில் பொரித்த மீன். அதையும் அந்த ஆற்று விதி அனுமதித்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். பல ஆறுகளில், நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கித் தூண்டில்தான் செல்லும். குறடால் எதிர்முள்ளை நசுக்கியபின் கொக்கியைப் பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் இன்னும் நசுக்க வேண்டும்.

லைசென்ஸோடு வரும் வாகன அனுமதிச் சீட்டு மீன்வளத் துறை நிலத்துக்கு மட்டும். மாநிலப் பூங்காவில் வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் தனியாக வேண்டும்.

கடைசியாக, அச்சடித்த விதிப் புத்தகத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவசர விதி போட்டுப் பருவத்தின் நடுவிலேயே ஆற்றை மூடுவார்கள். கிளம்பும் அன்று காலையில் துறையின் இணையதளத்தில் உங்கள் ஆற்றின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.