மெஷினை முடிவு செய்யுங்கள், அப்புறம் மானியம்: பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம்

சிறுதானிய அரிசி, மசாலாப் பொடி, வற்றல், ஊறுகாய் என்று உணவுத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மானியம் எவ்வளவு?" என்பதுதான். அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் என்ன மெஷின், மணிக்கு எத்தனை கிலோ என்று முடிவு செய்துவிட்டுக் கேட்டால் பின்னால் தூக்கம் கெடாது.

பி.எம்.எஃப்.எம்.இ. என்பது, குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்த மத்திய அரசு 2020 ஜூனில் பிரதமர் பெயரில் தொடங்கிய திட்டம். மானியத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. திட்ட மதிப்பில், அதாவது உங்கள் தொழிலுக்கு ஆகும் தகுதியான செலவில், 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். சுயஉதவிக் குழுவில் இருந்து உணவுத் தொழில் செய்பவர்களுக்கு நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிகளுக்கும் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க நிதி தனியாக உண்டு.

கணக்கைப் பார்ப்போம். திட்ட மதிப்பு 12 லட்சம் என்றால், உங்கள் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம், அதாவது 1.20 லட்சம். மீதி 10.80 லட்சம் வங்கிக் கடன். மானியம் 4.20 லட்சம். இது கடனோடு சேர்ந்த மானியம் என்பதால் வங்கிக் கடன் இல்லாமல் கிடைக்காது. கைக்காசைப் போட்டு மெஷினை வாங்கிவிட்டு, பிறகு பில்லோடு போய் நின்றால் பயனில்லை.

இன்னொன்று, பலருக்கும் யாரும் சொல்லாதது. மானியம் உங்கள் கையில் வருவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் இருக்கும். கடன் தொகையின் கடைசிப் பகுதியை வங்கி உங்களுக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆன பிறகும் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டு, யூனிட்டும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். ஆக, மூன்று வருடம் மெஷின் ஓட வேண்டும். அதனால்தான் மெஷினை முதலில் யோசிக்கச் சொல்கிறேன்.

சாமை, வரகு அரிசி போடும் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல் நீக்கும் மெஷின், உமி நீக்கும் மெஷின், தரம் பிரிக்கும் சல்லடை, பை ஒட்டும் சீலர், இவ்வளவு வேண்டும். சாமைக்கு நன்றாக ஓடும் மெஷினில் வரகைப் போட்டால் முழு உமியும் ஒரே ஓட்டத்தில் போகாது. வரகின் உமி அடுக்கடுக்காக, கெட்டியாக இருக்கும். மறுபடி மறுபடி போட்டால் நொய் கூடும், கரண்ட் செலவும் கூடும். ஆகவே கொட்டேஷன் வாங்குவதற்கு முன், உங்கள் ஊர்த் தானியத்தில் 20 கிலோவை மூட்டை கட்டி, விற்பவர் இடத்துக்கே கொண்டுபோங்கள். ஓட்டச் சொல்லி, அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, உமி எவ்வளவு என்று தராசில் வைத்துப் பாருங்கள். அவர் வைத்திருக்கும் மாதிரித் தானியத்தை நம்ப வேண்டாம். மணிக்கு 500 கிலோ மெஷின் பார்க்க ஆசையாக இருக்கும். உங்களுக்கு மாதம் வரும் தானியமே இரண்டு டன் என்றால் மாதத்தில் நாலு மணி நேர வேலைதான் அதற்கு. தவணை மட்டும் மாதா மாதம் வரும்.

அப்புறம் கரண்ட். பெரிய மோட்டார்களுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அது கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு டெலிவரி தேதியைச் சொல்லுங்கள். உணவு படும் பாகங்கள் உணவுத்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, சர்வீஸுக்கு ஆள் எங்கிருந்து வருவார், சல்லடையும் பெல்ட்டும் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் கேட்டு, கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

திட்ட மதிப்பில் நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

திட்ட அறிக்கை, உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றுக்கும் உதவ மாவட்ட வள நபர் என்று ஒருவர் உண்டு. அவருக்கான தொகையைத் திட்டமே கொடுக்கிறது. நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. அவர் யார் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். திட்டக் காலம் 2025-26 நிதியாண்டு வரை என்பதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.