படித்த ஆங்கிலச் சொல் எழுதும்போது ஏன் வருவதில்லை?

பதினோராம் வகுப்பு மாணவி 'ரெலக்டன்ட்' என்ற சொல்லைப் பத்து முறை எழுதிப் பார்க்கிறாள், பொருளையும் ஒப்பிக்கிறாள். அடுத்த வாரம் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வராது. இதில் அறிவுக் குறை எதுவும் இல்லை. சொல்லை மனதில் ஏற்றப் பழகியவள், அங்கிருந்து எடுக்கப் பழகவில்லை.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியையே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் மறதி சரசரவென்று ஏறுகிறது, பிறகு வேகம் குறைகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாடத்தைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். இரவு படித்து மறுநாள் டெஸ்டில் முழு மார்க் வாங்கும் பிள்ளை அந்த ஐந்து நிமிட வெற்றியில்தான் ஏமாந்துபோகிறது.

இதற்கு எளிய வழி, அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன அட்டைப் பெட்டி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அட்டை தயார். செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்து 1, 3, 7, 16, 35 நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு வந்த அட்டையை அத்தனை நாள் கழித்து எடுத்துக் கேட்க வேண்டும். புது அட்டை முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். நாளைக்கு 7 புதுச் சொல் போதும். இரண்டு மாதத்தில் தினமும் 35 அட்டை வரும், தவறியவற்றோடு 45 ஆகலாம். அட்டைக்குப் பத்து விநாடி என்றால் எட்டு நிமிட வேலை. ஆசைப்பட்டு 20 சொல் போட்டால் நான்காம் வாரமே தினசரி அட்டை 80ஐத் தாண்டும், பெட்டி பரணுக்குப் போய்விடும்.

அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முன்பக்கம் 'ஷீ வாஸ் ரெ______ டு சைன்' என்று முதல் எழுத்தோடு இடம் விட்ட வாக்கியம். பின்பக்கம் முழுச் சொல், 'மனமில்லாத' என்ற பொருள், கூடவே வரும் 'டு'வுக்கு அடிக்கோடு. தமிழ்ப் பொருளை மட்டும் எழுதினால் 'ரெலக்டன்ட் டு சைனிங்' என்று பிழையாக எழுதுவார்கள். பொருள் தெரிந்தாலும் அந்தச் சொல் எதோடு சேரும் என்பது தெரியாது. 'ரெலக்டன்ட்', 'ஹெசிடன்ட்', 'அன்வில்லிங்' மூன்றையும் ஒரே நாளில் கற்கவே வேண்டாம். நெருங்கிய பொருளுள்ள சொற்கள் புதிதாக ஒன்றாக நுழைந்தால் ஒன்றையொன்று குழப்பும். முதல் சொல் மூன்றாம் அறையைத் தாண்டட்டும், பிறகு அடுத்தது.

எந்தச் சொற்கள்? நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், உள்ளன. உயர்கல்வி நூல்களில் வரும் மொத்தச் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவைதான். அதில் தொடங்கலாம்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. 'அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையைப் பார்த்தே வளர்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த அந்தக் 'கொம்யூன்', 'கம்யூனிட்டி', 'கம்யூனல்' எல்லாமே 'பொது' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஆனால் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர்கள் ஒலியை மட்டும் நம்பக்கூடாது. பிரெஞ்சில் 'லிப்ரேரி' புத்தகக் கடை, ஆங்கிலத்தில் 'லைப்ரரி' நூலகம். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு அட்டையின் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள்.