கொய்தல்: ‘ஃபோரேஜிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து விட்டால் போதும், பாளையங்கோட்டைத் தெருவோரங்களில் மூக்கிரட்டையும் குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைத்துவிடும். நகரத்தில் தானாக விளையும் இவற்றை இனங்கண்டு சமைக்கப் பழகுகிறவர்கள் அதை ‘ஃபோரேஜிங்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது ‘உணவு தேடல்’ என்றோ ‘தீவனம் சேகரித்தல்’ என்றோ போட்டுவிடுகிறார்கள்.

தீவனம் என்பது முற்றிலும் பிழையல்ல. அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது; அங்கே அது கால்நடைத் தீவனத்தையே குறித்தது. படைகள் போகும் வழியில் குதிரைக்கும் ஆளுக்கும் இரை திரட்டுவதற்கும் பிறகு அதுவே பெயராயிற்று. ஆனால், அடுப்பில் ஏற்றப்போகும் கீரைக்கு அந்தப் பெயர் எதற்கு?

நம்மிடம் கொய்தல் இருக்கிறது. புறநானூற்றின் 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைச் சொல்கிறார்: ‘குப்பைக் கீரை கொய்கண் அகைத்த முற்றா இளந்தளிர் கொய்துகொண்டு’. உப்பும் மோரும் இல்லாமல் அதை வேகவைத்து உண்கிறாள் அவர் மனைவி. ‘கொய்கண் அகைத்த’ என்ற இரண்டு சொற்களிலேயே என் மனம் நின்றுவிடுகிறது. முன்பே கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்தது என்று பொருள். முதல்முறை கொய்த கை வேரை விட்டுவைத்திருக்கிறது.

பறித்தல் என்றாலும் பேச்சில் புரியும். ஆனால் வயலில் களை பறிக்கும்போது வேரோடு பிடுங்குகிறோம். கொய்வது நுனியை மட்டுந்தான். என் ஆச்சி இந்த வேலைக்குக் கிள்ளுதல் என்பார். அதையும் தாராளமாகப் புழங்கலாம்.

கொய்த இலைக்கும் பழைய பெயர் உண்டு: அடகு. ‘படப்பைக் கொய்த அடகு’ என்று பாடுகிறார் ஔவையார், நமக்குத் தெற்கே உள்ள நாஞ்சிலின் தலைவனைப் பற்றிய பாட்டில். படப்பை என்பது வீட்டை ஒட்டிய தோட்டம். இன்று அடகு என்றால் நகைக்கடைதான் நினைவுக்கு வருகிறது. அந்த இழப்பு எனக்கு வருத்தமே.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு சொல்லும் வேண்டும்: ஆய்தல். கீரை ஆய்வது என்று வீட்டில் சொல்வதும் ஆராய்ச்சியில் இருப்பதும் ஒரே ஆய்தான். சாரணையும் மூக்கிரட்டையும் தரையோடு படர்ந்து ஒன்றுபோலத் தோன்றும். சாரணையின் பூ இலைக்கணுவில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மூக்கிரட்டையின் பூக்கள் நீண்ட காம்புகளில் பொடிப்பொடியாக இளஞ்சிவப்பாய் நிற்கும். பூவைப் பார்த்து உறுதி செய்த பிறகே கிள்ள வேண்டும். இடத்தையும் ஆய வேண்டும். சாக்கடை கலக்கும் கால்வாய்க் கரையில் பொன்னாங்கண்ணி எவ்வளவு செழித்திருந்தாலும் நான் தொடுவதில்லை. நீரில் உள்ள நஞ்சை அது இலைவரை ஏற்றிக்கொள்ளும்.