ஓப்பன் வேர்ல்டு: திறந்த உலகமா, உலாவெளியா?

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடிய காலத்தில் 'ஓப்பன் வேர்ல்டு' என்ற பெயர் எங்களுக்குத் தெரியாது. 'ஊர் சுத்துற கேம்' என்போம். மிஷனுக்குப் போறியா, ஊர் சுத்துறியா என்பதுதான் பக்கத்து நாற்காலிக்காரன் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் ஊர்தான் சுற்றுவோம். கடற்கரைச் சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் பாலத்தின் குறுக்கே தடுப்பு போட்டிருக்கும். புயல் எச்சரிக்கை, அக்கரைக்குப் போகக் கூடாது. சில மிஷன்களை முடித்த பிறகுதான் வழி விடுவார்கள். 'ஓப்பன்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடுப்புதான் நினைவுக்கு வருகிறது. இந்த உலகத்தில் திறந்திருப்பது எது? புதிர்களை அவிழ்த்துக் கதையில் முன்னேறும் 'அட்வென்ச்சர்' ஆட்டத்துக்கு, அதாவது சாகச ஆட்டத்துக்கு, இந்தத் திறந்த உலகம் பொருந்துமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். ஆடுபவரைக் கட்டம் கட்டமாக முன்னே தள்ளாமல், ஒரு பெரிய நிலப்பரப்பை முழுதாக விரித்து வைத்து, எங்கே போவது, எதை முதலில் செய்வது என்பதை அவரிடமே விட்டுவிடும் நிகழ்பட ஆட்டத்தின் (வீடியோ கேம்) அமைப்புக்கு ஓப்பன் வேர்ல்டு என்று பெயர். இதில் இரண்டு பங்கு உண்டு. 'எங்கே' என்பது நிலத்தைப் பற்றியது. 'எதை முதலில்' என்பது வரிசையைப் பற்றியது. விளம்பரங்கள் எப்போதும் நிலத்தைத்தான் பேசும்: மேப் எவ்வளவு பெரிது, எத்தனை ஊர், எத்தனை மலை. இந்த அமைப்பின் உயிர் வரிசையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் மொழியில் இதற்குப் பெயர் வைக்கும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலச் சொற்களின் வேர்கள் சுவையானவை. 'ஓப்பன்' என்பது 'மேலே' என்று பொருள்படும் 'அப்' என்ற சொல்லோடு உறவுடையது. மூடியைத் தூக்கி மேலே வைத்த நிலையைக் குறித்தது. 'வேர்ல்டு' பழைய ஆங்கிலத்தில் மனிதன், காலம் என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. மனிதனின் காலம் என்பதே அதன் பழம்பொருள். இடத்தின் பெயராக ஆனது பின்னால்தான். 'அட்வென்ச்சர்' லத்தீனில் 'வந்து சேர்' என்னும் வினையிலிருந்து வந்தது. நேரவிருப்பது என்று பொருள். நாம் வழங்கும் சாகசம் வடமொழிச் சொல். துணிந்து செய்வதைக் குறிப்பது. ஆங்கிலம் நேரப்போவதைப் பார்க்கிறது, சாகசம் துணிகிறவரைப் பார்க்கிறது.

ஆனால் ஆட்ட உலகில் 'அட்வென்ச்சர்' என்ற வகைப் பெயர் அகராதியிலிருந்து வந்ததல்ல. 1976இல் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதிய ஓர் ஆட்டத்தின் பெயரே அது. அவர் குகைகளை அளந்து வரைபடம் போடுவதில் ஈடுபாடு கொண்டவர். கென்டக்கியின் மாமத் குகையில் தாம் ஊர்ந்து திரிந்த பகுதியை எழுத்தாலேயே கணினிக்குள் வைத்தார், தம் மகள்கள் ஆடுவதற்காக. மறுஆண்டு டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். திரையில் படம் ஏதும் இல்லை. ஒரு சாலையின் முடிவில், சிறிய செங்கல் கட்டடத்தின் முன்னே நிற்கிறாய், சுற்றிலும் காடு என்று சொல்லிவிட்டு ஆட்டம் காத்திருக்கும். எந்தத் திசையில் போவது என்பது உங்கள் பாடு. மேப் வேண்டுமென்றால் காகிதத்தில் நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். சாகச ஆட்டம் பிறக்கும்போதே திறந்துதான் பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதற்குத் திறந்த உலகம் பொருந்துமா என்று கேட்பது, மீனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பது போல எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இடையில் வந்தவற்றுள் இரண்டை விட முடியாது. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய எலீட், எட்டு விண்மீன் கூட்டங்களில் கூட்டத்துக்கு 256 கோள்களை ஒரு சிறிய வீட்டுக் கணினிக்குள் அடக்கியது. இப்படித்தான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயக் கதை அதில் இல்லை. 1986இல் ஜப்பானில் வந்த தி லெஜன்ட் ஆஃப் ஸெல்டாவின் முதல் திரையில் ஒரு குகை வாயில் இருக்கும். உள்ளே போனால் வாள் கிடைக்கும். போகாமலே வேறு பக்கம் நடந்துவிடவும் முடியும். அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகே சொனோபெயில் சிறுவனாகக் குன்றும் குகையுமாகத் திரிந்த நினைவே அதற்கு வித்து என்று பல முறை சொல்லியிருக்கிறார்.

அதே தொடரில் 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டுதான் சாகச ஆட்டக்காரர்களின் நம்பிக்கையை மீண்டும் மூட்டியது. தொடக்கத்தில் ஒரு மேட்டு நிலத்தில் நம்மை விட்டு, அடிப்படையான நான்கு திறன்களைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மேட்டை விட்டு இறங்கியதும், மனம் இருந்தால் நேராகக் கடைசி எதிரியின் கோட்டைக்கே நடந்து போகலாம். தோற்பதற்கே வாய்ப்பு அதிகம், ஆனால் யாரும் தடுப்புப் போட்டு நிறுத்தவில்லை. மழை பெய்தால் பாறையில் கால் வழுக்கும். கோபுரம் ஏறினால் மேப்பில் நிலத்தின் மேடு பள்ளம் மட்டுமே விரியும். அங்கே என்ன இருக்கிறது என்பதை நாமே தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 120 சிறு கோயில்களுள், மேட்டிலேயே முடிக்க வேண்டிய நான்கு போக மற்றவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் தேடலாம், தேடாமலும் இருக்கலாம். இந்த ஆட்டத்தை விவரிக்க நிண்டெண்டோ அப்போது வழங்கிய சொல் 'ஓப்பன் ஏர்'. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் உண்டு: திறந்தவெளி. இந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஐயங்களும் உண்மையானவை. அவற்றைச் சொல்லாமல் சொல்லுக்கு விளக்கம் எழுதுவது முறையாகாது.

கதை காத்திருக்கிறது என்பது முதல் ஐயம். உலகம் அழியப்போகிறது, காணாமல் போன பெண்ணை உடனே தேட வேண்டும் என்று கதை பதறும். நாமோ ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து சீட்டாடுவோம். எவ்வளவு நாள் கழித்துப் போனாலும் ஆபத்து அதே இடத்தில் அப்படியே நிற்கும். 2015இல் வந்த தி விட்சர் 3 எழுத்தில் மிகச் சிறந்தது. அதிலும் இந்தப் பிளவை உணராமல் இருக்க முடியாது. ஊர் பற்றி எரியும்போது மீன் பிடிக்கப் போகலாம் என்றால், தீ சுடாது என்றுதான் பொருள்.

இன்னொன்று குறிகள். 2007இல் தொடங்கிய அசாசின்ஸ் க்ரீட் வரிசை, கோபுரம் ஏறி நிலத்தைப் பார்ப்பது என்ற அழகான யோசனையைப் பரப்பியது. பின்னாளில் பல ஆட்டங்களில், ஏறி இறங்கினால் மேப் முழுக்கக் குறிகள் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் போய் அழித்துவிட்டு வர வேண்டும். அப்போது நாம் பார்ப்பது மலையை அல்ல, மூலையில் இருக்கும் சின்ன மேப்பைத்தான். ஊர் சுற்றப் போனவர் கையில் மளிகைப் பட்டியலைக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்த ஆற்றங்கரையை, ஒரு மஞ்சள் புள்ளியைத் துரத்திக்கொண்டு பார்க்காமலே கடந்துவிடுகிறோம்.

அளவும் அப்படித்தான். 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை 18,446,744,073,709,551,616 கோள்களைத் தந்தது. கணக்கு வழியே தானாகப் பிறக்கும் கோள்கள் அவை. வந்த புதிதில் பலர் ஏமாந்தார்கள், பிறகு உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் புதியவற்றை இலவசமாகச் சேர்த்துச் சேர்த்து அதை மீட்டார்கள். ஆனால் சாகச ஆட்டத்துக்கு வேண்டிய புதிர் என்பது ஒருவர் இன்னொருவருக்காக முடிந்து வைத்த முடிச்சு. அத்தனை கோடி முடிச்சுகளை யாரும் போட முடியாது.

அப்படியானால் சாகச ஆட்டமும் திறந்த உலகமும் சேரவே சேராதா? சேரும். சேர்ந்த இடங்களைப் பார்த்தால்தான் திறந்திருப்பது எது என்பது விளங்கும். 1990இல் ரான் கில்பர்ட் உருவாக்கிய தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டு ஒரு சின்னத் தீவில் தொடங்குகிறது. கடற்கொள்ளையனாக வேண்டுமென்றால் வாள்போர், திருட்டு, புதையல் தேடல் என்று மூன்று சோதனைகள். மூன்றையும் எந்த வரிசையிலும் செய்யலாம். ஒன்றில் முட்டிக்கொண்டால் இன்னொன்றுக்குப் போகலாம். நிலம் கையகலம், வரிசை திறந்தது.

2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இதை எல்லை வரை கொண்டுபோனது. சில கோள்களே உள்ள ஒரு சிறிய சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து. வாள் இல்லை, பணம் இல்லை, ஏறிக்கொண்டே போகும் பலம் இல்லை. சுற்றுக்குச் சுற்று நம்மோடு வருவது தெரிந்துகொண்ட செய்தி மட்டுமே. விடை தெரிந்தால் ஒரே சுற்றில் முடித்துவிடலாம், தெரியாததுதான் பூட்டு. யாழ்ப்பாணத்தில் சாவியைத் 'திறப்பு' என்பார்கள். இந்த ஆட்டத்தில் அறிவே திறப்பு. இங்கே கதையும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, குறிகளைத் துரத்தவும் நேரமில்லை. மேலே சொன்ன ஐயங்களுக்கு இவ்வளவு நேரடியான பதிலை வேறெந்த ஆட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

இனித் தமிழ்ச் சொல்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் 'திறந்த உலகம்'. பிழையில்லை, எல்லாருக்கும் புரியும். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனவர் என்ன செய்கிறார் என்பது அதில் இல்லை. 'கட்டற்ற உலகம்' என்றும் யோசிக்கலாம். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று அந்த அடைமொழி இணையத் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆனால் அங்கே அது உரிமையைக் குறிக்கிறது. மூடிய உரிமை கொண்ட ஒரு வணிக ஆட்டத்தைக் கட்டற்றது என்றால் குழப்பமே வரும். திறந்தநிலை என்பதைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன.

'திறந்தவெளி' எனக்கு மிகவும் பிடித்த சொல். திறந்தவெளி அரங்கு என்கிறோம், திறந்தவெளிச் சிறை என்கிறோம். நம்பிக்கையும் ஐயமும் ஒரே சொல்லில் இருப்பதைப் பாருங்கள். ஒரே குறை, 'திறந்தவெளி விளையாட்டு' என்று எழுதினால் படிப்பவர் கபடியையும் கில்லியையும்தான் நினைப்பார். 'திறந்தவெளி உலகம்' என்று நீட்டி எழுதினால் அந்தக் குறை தீரும்.

சாண்ட்பாக்ஸ் என்று ஆங்கிலத்தில் இதனோடு சேர்த்துக் குழப்பும் சொல்லைத் தனியே வைக்க வேண்டும். அது ஆடுபவரே எதையாவது கட்டி, கலைத்து, மறுபடி கட்டும் வகை. மைன்கிராஃப்ட் நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு நம்மிடம் கச்சிதமான பழஞ்சொல் இருக்கிறது: சிற்றில். சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீடு. எங்கள் சிற்றில் வந்து சிதையேலே என்று ஆண்டாள் கண்ணனிடம் கெஞ்சுவதும், பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று இருப்பதும் பலருக்கும் தெரிந்ததே. 'சிற்றில் ஆட்டம்' என்று தயங்காமல் எழுதலாம்.

ஓப்பன் வேர்ல்டுக்கு நான் முன்வைப்பது 'உலாவெளி'. உலவுதல் என்பது அவசரமில்லாமல், கண்ணில் பட்டதைப் பார்த்துக்கொண்டு நடப்பது. இணையத்தில் அப்படித் திரிய உதவும் கருவிக்கு 'உலாவி' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் நாங்கள் 'ஊர் சுத்துறது' என்றதற்கு ஏடறிந்த உறவுக்காரன்தான் உலா. உலகம் என்ற சொல்லையே 'உலவு' என்பதோடு இணைத்து வேர் சொல்வோர் உண்டு; வடமொழி 'லோக'த்திலிருந்து வந்தது என்போரும் உண்டு. அந்த வழக்கு எப்படியானாலும், உலாவெளி என்ற சொல் ஆடுபவரையும் நிலத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. உலாவெளி ஆட்டம், உலாவெளிச் சாகசம், குறுகிய உலாவெளி என்று வளைந்தும் கொடுக்கிறது. 'இந்த கேம் உலாவெளியா, நேர்வழியா?' என்று கேட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் விளங்கிவிடும். முதல் முறை எழுதும்போது 'உலாவெளி, அதாவது திறந்தவெளி உலகம்' என்று சொல்லிவிட்டால் போதும்.

இந்த ஆட்டங்களில் வழி சொல்லும் முறைக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. 2002இல் வந்த மாரோவிண்டில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் புள்ளி கிடையாது. பாலத்தைத் தாண்டு, ஆற்றின் இடப்பக்கமாகப் போ என்று ஊர்க்காரர்கள் வாயால் சொல்வார்கள். அதை நினைவில் வைத்து நடக்க வேண்டும். அதே தொடரில் 2006இல் வந்த ஆப்லிவியனில் புள்ளி வந்துவிட்டது. வாயால் வழி சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படை என்று சங்க காலத்திலேயே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்தோம். மலைபடுகடாத்தில் கூத்தருக்கு வழி சொல்பவர், எங்கே பாம்பு இருக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த நிலத்துக்குப் புதியவர்களிடம், வழி பிரியும் இடத்தில் 'புல் முடிந்து இடுமின்', அதாவது புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள் என்கிறார். பின்னால் வருகிறவர் வழி தவறாமலிருக்க ஓர் அடையாளம். 2022இல் வந்த எல்டன் ரிங்கில், முன்னே போனவர்கள் தரையில் சிறு குறிப்புகளை விட்டுப் போவார்கள்; முகம் தெரியாத அடுத்தவர் திரையில் அவை மின்னும். அந்தக் குறிப்புக்கு நான் 'புல்முடி' என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.