ஏழால் போகாத வட்டம்

"டீச்சர், கணக்கு தப்பா இருக்கு. அஞ்சு ஏழால போகலை."

ஆரம் 5 செ.மீ உள்ள வட்டத்தின் சுற்றளவைக் கேட்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து இப்படிச் சொன்னதும் பாதி வகுப்பு ஆமாம் என்று தலையாட்டியது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அதுவரை அவர்கள் போட்ட வட்டக் கணக்கெல்லாம் 7, 14, 21 என்றே இருந்தன. 22/7-இன் கீழே இருக்கும் ஏழு அடிபட்டுப் போகும், விடை முழு எண்ணாக வந்து நிற்கும். பை (π) என்றால் ஏழோடு கூடவே வரும் ஒரு பின்னம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது.

பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதினாறு ஆண்டாகக் கணக்கு நடத்துகிறேன். ஆரம் 7 என்றால் சுற்றளவு 154 என்று எழுதும் விடைத்தாள் வராத ஆண்டே கிடையாது. சுற்றளவு 44, 154 பரப்பளவு. டியூஷனில் 'டூ பை ஆர், பை ஆர் ஸ்கொயர்' என்று ஒப்பித்துவிட்டு வருகிறார்கள். எது எதற்கு என்பது மறந்துபோனால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. முதல் சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் நடத்தினேன், அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் நேர் விகிதம் முதல் பருவத்தில் வருகிறது, வட்டம் இரண்டாம் பருவத்தில் வருகிறது. நடுவே காலாண்டுத் தேர்வும் விடுமுறையும். அதனால் இரண்டும் வேறு வேறு பாடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் வட்டத்தின் சுற்றளவு, விட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. பேனா இரண்டு மடங்கு வாங்கினால் விலை இரண்டு மடங்கு ஆவதைப் போல, விட்டம் இரண்டு மடங்கானால் சுற்றும் இரண்டு மடங்கு. ஒரு பேனாவின் விலை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் பை நிற்கிறது. அவ்வளவுதான்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அளக்கவிட வேண்டும். நான் சூத்திரத்தை எழுதுவதற்கு முன் இரண்டு பீரியட் அளப்பதற்கே ஒதுக்குகிறேன். வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தட்டு, டப்பா மூடி, கொட்டாங்கச்சி எல்லாம் வரும். நூல் கொண்டுவா என்றால் இங்கே பாதிப்பேர் தங்கூசி நரம்போடு, அதாவது மீன்பிடிக்கும் நைலான் இழையோடு வருவார்கள். அது சுற்றினால் நிற்காது, துள்ளி விலகும், அளவு கூடிப்போகும். பருத்தி நூல்தான் தட்டோடு ஒட்டி நிற்கும். இன்னொரு தவறும் எல்லா ஆண்டும் நடக்கிறது: விட்டத்தைத் தட்டின் மேல் விளிம்பில் அளந்துவிட்டு, நூலை அடிப்பக்கம் சுற்றுவார்கள். வகுத்தால் 2.7 வரும். அந்த 2.7-ஐ நான் உடனே திருத்துவதில்லை. பலகையில் மற்றவர்களின் எண்களோடு சேர்த்து எழுதிவிடுவேன். தட்டு: சுற்று 78.5, விட்டம் 25, விகிதம் 3.14. மூடி: 34.8, 11, விகிதம் 3.16. சைக்கிள் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வராந்தாவில் ஒரு சுற்று உருட்டினால் 207 செ.மீ, விட்டம் 66, விகிதம் 3.14. எல்லாம் மூன்றும் கொஞ்சமும் என்று வரிசையாக நிற்கும்போது, 2.7 எழுதிய பிள்ளை தானே தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அளக்கப் போகும்.

பரப்பளவுதான் சிரமம். அதற்குத் திரிநூலை நடுவிலிருந்து நெருக்கமாகச் சுருட்டி, ஒட்டும் அட்டையில் ஒரு வட்டமாக்குவோம், படகில் கயிறு சுருட்டி வைப்பதைப் போல. நடுவிலிருந்து விளிம்பு வரை பிளேடால் ஒரே வெட்டு. நூல்களை நிமிர்த்தி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் முக்கோணம் வருகிறது. அதன் அடிப்பக்கம் சுற்றளவு, உயரம் ஆரம். முக்கோணப் பரப்பு பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். பாதிச் சுற்றை ஆரத்தால் பெருக்கினால் பரப்பு. வட்டத்தில் (அதாவது சுற்றில்) பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கு என்று நம் பழைய தமிழ்க் கணக்கு சொன்னதும் இதையேதான்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வியில் சறுக்குவார்கள். போன ஆண்டு வீச்சு வலையை வைத்துக் கேட்டேன். விரித்தால் வட்டமாக விழும், விளிம்பு நெடுக ஈயமணி கோத்த வலை அது. நடுக் கயிற்றிலிருந்து விளிம்பு வரை ஆறடி உள்ள வலை ஒன்று, பன்னிரண்டடி உள்ள வலை ஒன்று. பெரியதற்கு எத்தனை மடங்கு ஈயமணி, எத்தனை மடங்கு நூல்? வகுப்பு முழுக்க ஒரே குரலில், "ரெண்டும் ரெட்டிப்பு."

மறுநாள் ஒரு பையன் தன் தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வலை பின்னுகிற கை. "ஈயம் ரெட்டிப்புதான் டீச்சரம்மா. அதே கண்ணியா இருந்தா நூலு நாலு பங்கு இழுக்கும். ரெண்டு பங்கு வாங்கிட்டு உக்காந்தா பாதியில நிக்கும்" என்றார். விளிம்பு 38 அடியிலிருந்து 75 அடியாகிறது. பரப்பு 113 சதுர அடியிலிருந்து 452 ஆகிறது. பிள்ளைகள் கட்டத்தாளில் 3 செ.மீ, 6 செ.மீ ஆரத்தில் வட்டம் போட்டுக் கட்டங்களை எண்ணினார்கள். ஏறக்குறைய 28-ம் 113-ம் வந்தன. பரப்பு ஆரத்தோடு நேர் விகிதத்தில் போவதில்லை, ஆரத்தின் வர்க்கத்தோடு போகிறது. இந்த ஒன்று விளங்காத பிள்ளை எட்டாம் வகுப்பில் வட்டக்கோணப்பகுதி (இரண்டு ஆரங்களுக்கு நடுவே உள்ள வட்டத் துண்டு) வந்ததும் திணறுவதைப் பார்க்கிறேன்.

பெற்றோருக்கும் இது வேண்டும். உறைகிணறு இறக்கும்போது மூன்றடி விட்டமுள்ள உறையா நாலடி உறையா என்ற பேச்சு வரும். ஓரடிதானே வித்தியாசம் என்பார்கள். ஓரடி உயரத் தண்ணீருக்கு மூன்றடி உறையில் சுமார் 200 லிட்டர் நிற்கும், நாலடி உறையில் சுமார் 356 லிட்டர். சுற்றுச்சுவர் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. குடம் குடமாகத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் இது சின்னக் கணக்கில்லை.

22/7 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பை அல்ல, பைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் எண். ஆர்க்கிமிடிஸ் அதை மேல் எல்லையாகத்தான் காட்டினார். 499-இல் ஆரியபட்டர், விட்டம் 20,000 என்றால் சுற்று 62,832 என்று எழுதினார், அது 3.1416. அதையும் 'நெருங்கிய மதிப்பு' என்றே சொன்னார். ஒரு மீட்டர் விட்டத்துக்கு 22/7 தரும் பிழை ஒன்றேகால் மில்லிமீட்டர். நூலால் அளக்கும் நமக்கு அது தாராளம். ஆனால் 'ஏறக்குறைய' என்ற சொல்லை விழுங்கிவிட்டு நடத்தக் கூடாது.

இப்போதெல்லாம் நான் தயாரிக்கும் வினாத்தாளில் ஆரம் 5, 8, 10 என்று வருகிறது. ஒரு கேள்வியில் எண்ணே இருக்காது: 'விட்டம் மூன்று மடங்கானால் சுற்று எத்தனை மடங்கு, பரப்பு எத்தனை மடங்கு?' வீட்டில் பிள்ளை தட்டையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு என்று அதட்டாதீர்கள். நூலின் மறுமுனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொடுங்கள்.